காதில் சொன்னதும் கோபுரத்தில் சொன்னதும்

மூளையை வெட்டுவதற்கு முன் அதைத் தொங்கவிட வேண்டும். எடுத்த புதிதில் அது அத்தனை மிருது. பாத்திரத்தின் அடியில் வைத்தால் தன் எடையாலேயே ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அதனால் அடிப்பக்கம் ஓடும் பேசிலார் ரத்தக்குழாய்க்குக் கீழே ஒரு நூலை நுழைத்து, நூலின் இரண்டு முனையையும் வாளி விளிம்பில் கட்டி, பத்து சதவீத ஃபார்மலினில் தலைகீழாக மிதக்கவிடுவோம். இரண்டு வாரம் போனால் கத்திக்கு இசையும் பதத்துக்கு இறுகிவிடும். பிறகு துண்டு போட்டு, மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, ஸ்டெயின் போட்டு டாக்டர் மேசையில் வைக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். மதுரையில் ஒரு பேத்தாலஜி லேபில் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஓய்வுபெற்றுத் திருக்கோஷ்டியூருக்கே வந்துவிட்டேன். ஊரில் என்னை ‘மூளை அறுத்த அம்மா’ என்று சொல்கிறார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் நோட்டில் நியூரான் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது, வண்ணப் பென்சிலில். கீழே ஒற்றை வரி: கிளியா, நியூரான்களைத் தாங்கும் செல்கள். “இவ்வளவுதானா பெரியம்மா இதுக்கு?” என்றாள். “உங்க டீச்சரைக் குத்தம் சொல்லாதே. நூறு வருஷம் பெரிய பெரிய ஆளுங்களே இவ்வளவுதான் சொன்னாங்க” என்றேன். அந்த ஒற்றை வரியைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டப்போகிறேன்.

மூளைச் செக்‌ஷன் ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது நியூரான்தான். பெரிய உடம்பு, நடுவில் உட்கரு, அதற்குள் அழுத்தமான ஒரு புள்ளி. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கருநீலப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அவையெல்லாம் கிளியா. சிறுத்து, உருண்டு, கறுத்து, சுற்றிலும் ஒரு வெற்று வட்டம் இருந்தால் ஒலிகோடெண்ட்ரோசைட். அந்த வெற்று வட்டமும் உண்மையில் செல்லுக்கு உரியது இல்லை, ஃபார்மலினில் போடத் தாமதமானதால் வந்தது. வெளிறிய நீள்வட்டமாக இருந்தால் ஆஸ்ட்ரோசைட். நீண்டு மெலிந்திருந்தால் மைக்ரோகிளியா. சாதாரண ஸ்டெயினில் இவற்றின் உட்கரு மட்டும் தெரியும். கைகால் எதுவும் தெரியாது. ரிப்போர்ட் எழுதுகிறவர்களும் அவற்றின் மேல் நிற்காமல் தாண்டிப் போவார்கள்.

எண்ணிக்கையில் இவை குறைச்சல் இல்லை. நியூரான் ஒன்றுக்குக் கிளியா பத்து என்று பழைய புத்தகங்கள் சொல்லிவந்தன. நாங்களும் அப்படித்தான் படித்தோம். பிரேசிலைச் சேர்ந்த சுசானா எர்குலானோ ஹூசலின் குழு மூளையைக் கரைசலாக்கி உட்கருக்களை எண்ணி 2009இல் கணக்குச் சொன்னது: மனித மூளையில் நியூரான்கள் சுமார் 8,600 கோடி, மற்ற செல்கள் கிட்டத்தட்ட அதே அளவு. பத்துக்கு ஒன்று என்றது சரிக்குச் சரியானது. பாதி மூளையை ஒற்றை வரியில் முடித்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

ஏன் இப்படி? என் தொழிலிலிருந்து பார்த்தால் எனக்கு ஒரே காரணம்தான் தெரிகிறது. எந்தச் சாயம் கைவசம் இருந்ததோ அதற்குத் தெரிந்த செல்தான் பேர் வாங்கியது. 1873இல் கமில்லோ கோல்ஜி வெள்ளி உப்பு போட்டு ஒரு கறுப்புச் சாயமுறை கண்டுபிடித்தார். நூற்றில் சில செல்களை மட்டும் பிடித்து, கிளை நுனிவரை கறுப்பாக்கும் அது. நியூரான் அதில்தான் உருவம் பெற்றது. ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் 1913இல் தங்க உப்பு கொண்டு ஆஸ்ட்ரோசைட்டைத் தெளிவாகக் காட்டினார். அவருடைய நாட்டுக்காரரே ஆன பியோ தெல் ரியோ ஓர்த்தேகா வெள்ளிக் கார்பனேட்டில் மைக்ரோகிளியாவையும் ஒலிகோடெண்ட்ரோசைட்டையும் பிரித்துக் காட்டியது 1919இலிருந்து 1921க்குள். ஆக நூறு வருஷத்துக்கு முன்பே உருவம் தெரிந்துவிட்டது. ஆனால் அது செத்த செல்லின் உருவம். உயிரோடு இருக்கும்போது அது என்ன செய்கிறது என்று கேட்க அன்று இருந்த கருவி மின்சார ஊசி ஒன்றுதான். நியூரானில் அந்த ஊசியைக் குத்தினால் சடசடவென்று மின்துடிப்பு வரும். கிளியாவில் குத்தினால் ஒன்றும் வராது. வராததால் ஊமை என்று எழுதிவிட்டார்கள்.

1980களில் வேறு மாதிரியான சாயங்கள் வந்தன. ரோஜர் சியென் செய்தவை. உயிருள்ள செல்லுக்குள் புகுந்து, அங்கே கால்சியம் ஏறினால் ஒளிரும். யேல் பல்கலைக்கழகத்தில் ஆன் கார்னெல் பெல்லும் அவரது கூட்டாளிகளும் எலி மூளையின் ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தட்டில் வளர்த்து, அந்தச் சாயத்தை ஊட்டி, குளுட்டமேட்டை ஊற்றினார்கள். நியூரான்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் தூது ரசாயனங்களில் முக்கியமானது குளுட்டமேட். ஊற்றியதும் ஆஸ்ட்ரோசைட்டுகள் ஒளிர்ந்தன. ஒன்று ஒளிர, அடுத்தது, அதற்கடுத்தது என்று தட்டு முழுக்க அலையாகப் போனது. 1990இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது இது. ஊமை என்று எழுதிய செல்லுக்குக் காதும் இருக்கிறது, அது தன் பாஷையில் பதிலும் சொல்கிறது. பாஷை மின்சாரம் இல்லை, கால்சியம். அதன்பிறகு தேடத் தேட, காபா, நார்அட்ரினலின், அசிட்டைல்கோலின், டோபமின், ஏடிபி ஆகிய தூது ரசாயனங்களைப் பிடிக்கும், நியூரானுக்கே உரியவை என்று நினைத்த ஏற்பிகள் பலவும் ஆஸ்ட்ரோசைட்டின் தோலிலும் இருந்தன.

கேட்பது மட்டுமா, எடுத்தும் வைக்கிறது. இரண்டு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸில் கொட்டுகிற குளுட்டமேட்டில் பெரும்பகுதியை உறிஞ்சுவது பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட்தான். உறிஞ்சாவிட்டால் நியூரான் தூண்டப்பட்டுக்கொண்டே இருந்து செத்துப்போகும். உறிஞ்சிய குளுட்டமேட்டோடு அம்மோனியாவைச் சேர்த்துக் குளுட்டமைன் ஆக்கி, நியூரானுக்கே திருப்பிக் கொடுக்கிறது. மூளையில் இதைச் செய்யும் நொதி இருப்பது ஆஸ்ட்ரோசைட்டில்தான்.

இது எனக்குக் கண்ணால் பார்த்த சங்கதி. குடித்துக் குடித்து ஈரல் சுருங்கிச் செத்தவர்களின் மூளையை எடுத்தால், நியூரான்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். ஆஸ்ட்ரோசைட் உட்கருக்கள் மட்டும் வீங்கி, வெளிறி, சில இடத்தில் இரண்டிரண்டாக நிற்கும். ‘ஆல்சைமர் டைப் 2’ என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். மறதி நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரெண்டையும் முதலில் விவரித்த டாக்டர் ஒருவரே என்பதால் வந்த பெயர். நடப்பது இதுதான்: கெட்டுப்போன ஈரல் அம்மோனியாவைக் கழிக்காமல் விட்டுவிடுகிறது, அது ரத்தத்தோடு மூளைக்கு வருகிறது, ஆஸ்ட்ரோசைட் தன் வழக்கப்படி அதை வாங்கிக் குளுட்டமைன் ஆக்கிக்கொண்டே போகிறது, உள்ளே சேர்ந்த குளுட்டமைன் தண்ணீரை இழுக்கிறது, செல் வீங்குகிறது. ஆள் பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடிக்கும். பேச்சு குழறும். வீட்டில், “குடிச்சிட்டு உளர்றாரு” என்பார்கள், குடியை விட்டு ஆறு மாசம் ஆகியிருந்தாலும்கூட. சிலர் வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவார்கள். கூட்டிப் போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி. மலச்சிக்கல் தீர்ந்தாலே பாதி தெளிவு வரும். லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்தை டாக்டர்கள் கொடுப்பது, குடலிலேயே அம்மோனியாவைக் கட்டி வெளியேற்றத்தான். ஈரல்காரர் வீடுகளில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது என்பதால் நடுவில் இதை இழுத்துச் சொன்னேன்.

சரி, தூது ரசாயனங்களுக்கு வருவோம். அவை எல்லாம் ஒரே மாதிரி பேசுவதில்லை. அதைச் சொல்ல எனக்கு வேறு ஊருக்குப் போகவேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ராமானுஜர் பதினெட்டு முறை நடந்து எங்கள் ஊர் நம்பியிடம் மந்திர உபதேசம் கேட்டு வந்தார் என்பது வைணவ மரபில் வரும் வரலாறு. பதினெட்டாம் முறை நம்பி மந்திரத்தின் பொருளை யாருக்கும் சொல்லக்கூடாது என்ற சத்தியத்தோடு அவருக்கு மட்டும் சொன்னார். ராமானுஜர் நேரே சௌமியநாராயணப் பெருமாள் கோயில் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிவிட்டார். சினாப்ஸில் குளுட்டமேட் பேசுவது நம்பி பேசியதுபோல. இரண்டு செல்லுக்கு நடுவே 20 நானோமீட்டர் அளவே இடைவெளி, ஒருவர் வாய், ஒருவர் காது. நார்அட்ரினலின் பேசுவது ராமானுஜர் பேசியதுபோல. மூளைத்தண்டில் ‘லோக்கஸ் செருலியஸ்’ என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. மூளைத்தண்டின் பான்ஸ் என்ற பகுதியை வெட்டினால் வெறும் கண்ணுக்கே நீலக்கறுப்புப் புள்ளியாகத் தெரியும், பெரியவர்கள் மூளையில். குழந்தை மூளையில் அந்த நிறம் தெரியாது; வயதோடு சேர்வது அது. சில பத்தாயிரம் நியூரான்களே அங்கே உண்டு. ஆனால் அவற்றின் நார்கள் மூளை முழுக்கப் போகின்றன. போகிற வழியெல்லாம் நார்அட்ரினலினைச் சினாப்ஸ் பார்க்காமல் வெளியில் விடுகின்றன. யார் யாருக்குக் காது இருக்கிறதோ அவர்களெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நன்றாகக் காது கொடுத்துக் கேட்பவர்களில் முதல் வரிசை ஆஸ்ட்ரோசைட்.

கேட்டு என்ன செய்கிறது? இதற்கு எனக்குப் பிடித்த சோதனை 2019இல் ‘செல்’ இதழில் வந்தது, மிஷா ஆரன்ஸ் என்பவருடைய குழு செய்தது. ஜீப்ரா மீன் குஞ்சு கண்ணாடியாகத் தெரியும். உயிரோடு இருக்கும்போதே மூளை முழுவதையும் பார்க்கலாம். அதை அசையாமல் பிடித்துவைத்து, திரையில் காட்சி ஓடவிட்டார்கள். குஞ்சு நீந்த முயன்றால் காட்சி நகரும். தான் முன்னே போகிறோம் என்று அது நம்பும். பிறகு, எத்தனை நீந்தினாலும் காட்சி நகராதபடி செய்துவிட்டார்கள். குஞ்சு முதலில் வேகமாக அடித்தது, இன்னும் வேகமாக அடித்தது, கடைசியில் நிறுத்திவிட்டது. உள்ளே பார்த்தால், தோற்ற ஒவ்வொரு முயற்சிக்கும் நார்அட்ரினலின் நியூரான்கள் குரல் கொடுத்தன. ஆஸ்ட்ரோசைட்டுகளில் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஓர் அளவைத் தாண்டியதும் அவை நீச்சலை நிறுத்தும் நியூரான்களைத் தூண்டிவிட்டன. லேசரால் அந்த ஆஸ்ட்ரோசைட்டுகளைச் செயலிழக்கச் செய்தபோது குஞ்சு எளிதில் ஓயவில்லை. போதும் என்று முடிவெடுத்தது கிளியா. எத்தனை தோல்வி என்று கணக்கு வைத்திருந்ததும் கிளியாதான்.

இனி வளர்ச்சி. என்னைக் கேட்டால் கதையின் பெரிய பகுதி இதுதான்.

கரு உருவான முதல் மாதத்துக்குள் மூளையும் தண்டுவடமும் ஒரு குழாயாக மூடிக்கொள்கின்றன. குழாயின் உள்சுவரில், நீர் நிரம்பிய அறையை ஒட்டி, ரேடியல் கிளியா என்ற செல்கள் வரிசையாக நிற்கின்றன. உடம்பு அறைச் சுவரில், ஒரே ஒரு நீண்ட கை மூளையின் வெளித்தோல்வரை. 1972இல் பாஸ்கோ ராகிச் குரங்குக் கருவின் மூளையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புதிய நியூரான்கள் இந்தக் கையைப் பிடித்துத்தான் மேலே ஏறி, தங்கள் அடுக்குக்குப் போகின்றன என்று காட்டினார். அப்போதும் கிளியாவுக்குக் கிடைத்த வேலை தாங்குவதுதான். அந்த நியூரான்களைப் பெற்றது யார் என்று தெரிந்தது 2000, 2001இல். ஜெர்மனியில் மாக்தலேனா கோட்ஸ் ஒரு பக்கம், அமெரிக்காவில் ஸ்டீபன் நாக்டரும் ஆர்னால்ட் கிரீக்ஸ்டைனும் இன்னொரு பக்கம். பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஒரு ரேடியல் கிளியாவுக்குள் செலுத்தினால், அது பிரிந்து, பிறந்த நியூரான் பச்சையாகவே தாயின் கையைப் பிடித்து மேலே போகிறது. ஏணி என்று நினைத்தது தாய். பெற்று முடித்தபின் இந்தத் தாய்ச் செல்களில் பல சாவதில்லை; கையைச் சுருக்கிக்கொண்டு ஆஸ்ட்ரோசைட் ஆகிவிடுகின்றன. முதலில் நியூரான், பிறகு ஆஸ்ட்ரோசைட், கடைசியில் ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற வரிசையில் மூளை கட்டப்படுகிறது.

இந்தச் சமயத்தில் சினாப்ஸ் என்று ஒன்று இன்னும் சரியாக உருவாகவே இல்லை. ஆனால் தூது ரசாயனங்கள் வந்துவிட்டன. 1995இல் லோடர்க்கோ, கிரீக்ஸ்டைன் ஆகியோர் எலிக் கருவின் மூளையில் பார்த்தது: காபாவும் குளுட்டமேட்டும் இந்தத் தாய்ச் செல்களைத் தொட்டால், அவற்றின் மின்னழுத்தம் மாறி, டிஎன்ஏ நகலெடுப்பது குறைகிறது. அதாவது ‘பிரிந்தது போதும்’ என்ற தகவல். 2000இல் சுண்டெலியில் பார்த்தவர்கள் இடத்துக்கு இடம் விளைவு மாறுகிறது என்றார்கள்: அறைச் சுவரை ஒட்டிய அடுக்கில் பிரிவு கூடுகிறது, அதற்கு மேல் அடுக்கில் குறைகிறது. 2004இல் இன்னொன்று. ஏடிபி என்ற ரசாயனத்தால் கிளம்பும் கால்சியம் அலை ஒரு ரேடியல் கிளியாவிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. அதைத் தடுத்தால் பிரிவது குறைகிறது. யேலில் 1990இல் தட்டில் பார்த்தார்களே, அதே வகை அலை, கருவுக்குள்ளேயே. நியூரான்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கும் முன்னாலேயே, எத்தனை நியூரான்கள் பிறக்கவேண்டும் என்பதை அதே ரசாயனங்கள் கிளியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தன.

இந்தக் கட்டத்து மனித மூளையைப் பார்க்க இப்போது நமக்குக் கடல் தாண்ட வேண்டாம். சென்னை ஐஐடியில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் ஒரு வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. கர்ப்பத்தின் நடு மாதங்களைச் சேர்ந்த மூளைகள், மொத்தம் 5,132 செக்‌ஷன்கள், செல் தெரியும் நுணுக்கத்தில். யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பொறியாளர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் செய்தது. இந்த எண்ணைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது டெக்னீஷியன் நினைப்புதான்: 5,132 செக்‌ஷனில் எத்தனை மடிந்திருக்கும், எத்தனை கிழிந்திருக்கும், அதையெல்லாம் யார் உட்கார்ந்து விரித்தார்கள்? கருவின் மூளை வளர்ந்தவர் மூளையைவிடப் பல மடங்கு மிருது. மெழுகில் பதிக்காமல் உறையவைத்துச் சீவியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் அதைத் திறந்து பார்த்தோம். அறைச் சுவரை ஒட்டி நீலப் புள்ளிகள் அத்தனை நெருக்கமாக, மேலே போகப் போக விலகி விலகி. “இவ்வளவு கூட்டமா பெரியம்மா!” என்றாள். “அத்தனையும் பெத்தவளும் பொறந்ததும்தான்” என்றேன்.

பிறந்த பிறகும் கிளியாவின் வேலை தீரவில்லை. நியூரான்களைத் தனியாக வளர்த்தால் சினாப்ஸ் சொற்பமாகத்தான் உண்டாகும். ஆஸ்ட்ரோசைட்டோடு வளர்த்தால் பல மடங்கு கூடும் என்று பென் பாரெஸின் குழு 2001இல் காட்டியது. மைக்ரோகிளியா இதற்கு எதிர்வேலை செய்கிறது: அதிகப்படியான சினாப்ஸ்களை விழுங்கிக் கழிக்கிறது. அது மூளையில் பிறந்ததே இல்லை. கருவின் மஞ்சள்கருப் பையிலிருந்து கிளம்பி மூளைக்குள் குடியேறுகிறது என்று 2010இல் சுண்டெலியில் உறுதியானது. வெளியிலிருந்து வந்தது என்று ஓர்த்தேகா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் கண் அப்படி.

இப்போது கோபுரத்துக்கும் குழந்தைக்கும் உள்ள சம்பந்தம். ஆஸ்ட்ரோசைட் குளுட்டமேட்டைக் கேட்பது mGluR5 என்று எழுதும் ஏற்பி வழியாக என்று தொண்ணூறுகளிலிருந்து நம்பிவந்தார்கள். எலிகளை வைத்துச் செய்த சோதனைகள் எல்லாம் அதையே சொல்லின. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குட்டி எலிகள். குட்டி மூளையை வெட்டுவதும் சாயம் ஏற்றுவதும் சுலபம், அதுதான் காரணம். எந்த லேபிலும் சுலபமானதுதான் முதலில் நடக்கும். மைக்கென் நெடர்கார்டின் குழு 2013இல் வளர்ந்த எலிகளில் தேடியது. மூன்று வாரம் தாண்டிய எலியின் ஆஸ்ட்ரோசைட்டில் அந்த ஏற்பியைக் காணோம். வளர்ந்த மனித மூளைத் திசுவின் ஆஸ்ட்ரோசைட்டிலும் காணோம். இருபது வருஷம் குட்டியைப் பார்த்துப் பெரியவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது: சின்ன வயதில், சினாப்ஸ்கள் கட்டப்படும் காலத்தில், ஆஸ்ட்ரோசைட் ஒவ்வொரு காதுப்பேச்சையும் உற்றுக் கேட்கிறது. எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிய அது கேட்டாகவேண்டும். வளர்ந்தபின் அந்தக் காதை மூடிக்கொண்டு, கோபுரத்திலிருந்து வரும் நார்அட்ரினலினுக்குக் காதைத் திறந்துவைத்துக்கொள்கிறது. விழித்திருக்கும் எலியைத் திடுக்கிடவைத்தால் மூளையின் பல பகுதிகளில் ஆஸ்ட்ரோசைட்டுகள் ஒரே நேரத்தில் ஒளிர்வது அதனால்தான். எல்லோரும் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்ட்ரோசைட்டின் நுனிக் கிளைகள் மயிரைவிட மெல்லியவை. அங்கே வளர்ந்த எலியிலும் குளுட்டமேட்டுக்குச் சின்னச் சின்னக் கால்சியப் பொறிகள் தெரிகின்றன என்று சொல்கிற குழுக்கள் இருக்கின்றன. செல்லின் நடு உடம்பைப் பார்த்துவிட்டு நுனியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதிலும் நியாயம் தெரிகிறது.

ஐன்ஸ்டைன் மூளைக் கதையையும் பலர் என்னிடம் கேட்பார்கள். 1985இல் மரியன் டயமண்ட் அந்த மூளையின் நாலு துண்டுகளை எண்ணி, ஒன்றில் மட்டும் நியூரானுக்குக் கிளியா விகிதம் கூடுதல் என்றார். ஒரே ஒரு மூளை, நாலு துண்டு, ஒப்பிட எடுத்த 11 பேரோ அவரைவிட வயதில் சராசரியாகக் குறைந்தவர்கள். எங்கள் லேபில் இப்படி ஒரு ரிப்போர்ட் போனால் சீஃப் திருப்பி அனுப்பியிருப்பார். கிளியாவின் பெருமைக்கு அந்தக் கதை தேவையுமில்லை. 2013இல் மனிதக் கிளியாவின் முன்னோடிச் செல்களைச் சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் வைத்து வளர்த்தார்கள். எலிகள் வளர்ந்தபோது மூளையில் மனித ஆஸ்ட்ரோசைட்டுகள் நிறைந்திருந்தன, எலியுடையதைவிடப் பல மடங்கு பெரிதாக. அந்த எலிகள் பாடம் படிப்பதில் மற்ற எலிகளை முந்தின. இது போதும்.

ஒலிகோடெண்ட்ரோசைட்டைப் பற்றிச் சுருக்கமாக. நியூரான் நார்மேல் மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றுவது இதன் தொழில். உறை இருந்தால் தகவல் வேகமாகப் போகும். மூளை முழுக்க இந்த வேலை முடிய இருபது வயது தாண்டும், நெற்றிப் பகுதி கடைசி. இதன் முன்னோடிச் செல்கள் நம் மூளையில் ஆயுசுக்கும் உண்டு. நியூரான்கள் இந்த முன்னோடிகளோடு நேரடியாகவே சினாப்ஸ் போட்டு, குளுட்டமேட் வழியே பேசுகின்றன என்று 2000இல் டுவைட் பெர்கிள்ஸ் காட்டியது பெரிய ஆச்சரியம். லண்டனில் வில்லியம் ரிச்சர்ட்சன் குழு 2014இல் கம்பிகள் தாறுமாறாக இருக்கும் சக்கரத்தில் எலிகளை ஓடவிட்டது. புதிய ஒலிகோடெண்ட்ரோசைட் உருவாகாதபடி மரபணுவை மாற்றிய எலிகளால் அந்த ஓட்டத்தைச் சரியாகக் கற்க முடியவில்லை. ஒரு பழக்கம் கைக்கு வருவதில் நியூரானோடு கிளியாவும் புதிதாகப் பிறக்கவேண்டியிருக்கிறது.

கடைசியாகச் சொல்லப்போவதுதான் என் மேசைக்கு மிக அருகில் நடந்தது. மூளையில் வரும் கட்டிகளில் மோசமானவை கிளியோமா, கிளியா வகைச் செல்களில் கிளம்புபவை. நோயாளி ஆபரேஷன் மேசையில் மண்டை திறந்து கிடக்கும்போதே ஒரு துணுக்கு எங்களிடம் வரும். மெழுகில் பதிக்க நேரமிருக்காது. உறையவைத்து, சீவி, அவசர ஸ்டெயின் போட்டு, அரைமணிக்குள் டாக்டர் பதில் சொல்லவேண்டும். நாங்கள் பார்ப்பது உட்கருவின் உருவம், பிரியும் செல்கள், அழுகிய இடங்கள். கட்டியையும் பக்கத்து நியூரான்களையும் நாங்கள் தனித்தனியாகத்தான் நினைத்திருந்தோம். கட்டி வளர்கிறது, நியூரான் நசுங்குகிறது என்று.

2019 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் ஒரே சமயத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றின் முதல் ஆசிரியர் ஹம்சா வெங்கடேஷ், ஸ்டான்ஃபோர்டில் மிஷல் மோன்ஜேயின் லேப். இன்னொன்றின் முதல் ஆசிரியர் வருண் வெங்கடரமணி, ஜெர்மனியில் ஹைடல்பர்க். இரண்டு பெயரும் நம் காதுக்குப் பழகியவை என்பதால் ஒரு தனிச் சந்தோஷம். இரண்டும் சொன்னது ஒன்றே: நியூரான்கள் கிளியோமா செல்களோடு சினாப்ஸ் போடுகின்றன, குளுட்டமேட் வழியே பேசுகின்றன, அந்தப் பேச்சில் கட்டி வளர்கிறது, பரவுகிறது. பெர்கிள்ஸ் கண்ட அதே சினாப்ஸ்தான். மூளை வளர்வதற்காக முன்னோடிச் செல்லுக்கு இருந்த காதைக் கட்டி தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. கட்டிக்காரர்களுக்கு வலிப்பு அதிகம் வருவதையும், கட்டி நரம்புப் பாதைகளைப் பிடித்தே பரவுவதையும் டாக்டர்கள் காலகாலமாகப் பார்த்துவந்தார்கள். இப்போது அதற்குக் காரணம் ஒன்று கையில் கிடைத்திருக்கிறது.

அந்தக் குளுட்டமேட் ஏற்பியை மூடும் மருந்து ஒன்று ஏற்கெனவே கடையில் இருக்கிறது: பெரம்பனெல், வலிப்புக்குக் கொடுப்பது. எலிகளில் அது கட்டியின் வளர்ச்சியைத் தணித்தது. ஜெர்மனியில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கவும் தொடங்கியிருக்கிறார்கள்.